ராணியின் மனசுக்குள் என்ன ஓடியது?

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'ஃபயர் அண்ட் பிளட்' நாவலைப் படித்து முடித்துவிட்டேன். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். எனக்கு ஏமாற்றம்தான்.

இதில் வரும் டார்கேரியன் அரச வம்சம் கடைசியில் கவிழப்போகிறது என்பது, அவருடைய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் 1996-இல் வந்த முதல் நாவலிலேயே தெரிந்த விஷயம். அதில் எனக்கு வருத்தமில்லை. முடிவு தெரிந்த கதையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம். ஆனால் அந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ ஒருவரின் தலைக்குள் நடக்கும். நெட் ஸ்டார்க் பிரபு இருட்டுச் சிறையில் கிடந்தபோது நானும் கூடவே கிடந்தேன். பொல்லாத ராணி செர்சியின் தலைக்குள் போய்வந்த பிறகு அவளைக்கூட முழுசாக வெறுக்க முடியவில்லை. இங்கே கதை சொல்பவர் கில்டெய்ன் என்கிற பண்டிதர். எல்லாம் நடந்து எத்தனையோ காலம் கழித்து, குரு ஒருவர் இப்படி எழுதினார், அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் அப்படிச் சொன்னான் என்று தொகுத்துக்கொண்டே போகிறார். கோமாளி வரும் இடமெல்லாம் சிரித்தேன், அதை மறுக்கவில்லை.

அரியணைச் சண்டைக்கு நடுவே வரும் ஹெலேனா ராணி கட்டத்துக்கு வருகிறேன். கொலைகாரர்கள் இரண்டு பேர் அறைக்குள் புகுந்து, எந்த மகன் சாகவேண்டும், நீயே சொல் என்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்க்கிறாள், நடக்கவில்லை. கடைசியில் சின்னவன் மேலரின் பெயரைச் சொல்கிறாள். அவர்கள் பெரியவனை வெட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்கப்புறம் மேலரின் முகத்தைப் பார்க்கவே அவளால் முடியவில்லை. ஏன் சின்னவன்? விவரம் புரியாத வயசு என்பதாலா, மூத்தவன் பட்டத்து வாரிசு என்பதாலா? பண்டிதர் இரண்டையும் 'ஒருவேளை' போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த போருக்குப் போய்விடுகிறார்! இரண்டு பிள்ளை பெற்றவள் நான், எனக்கு அது போதுமா?

சாட்சிகளை நம்பமுடியாமல் இருப்பதுதான் அழகு என்பாய். சரி, அரியணைச் சண்டைக்கு அது பொருந்துகிறது. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று ஊகித்துக்கொண்டே படிப்பது சுகம்தான். ஹெலேனாவுக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு கோபம். மூலக் கதை 2011-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2018-இல் மார்ட்டின் இந்தப் பழங்கதையைக் கொடுத்தார், அதையும் பாதி வம்சத்தோடு நிறுத்தி, மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்றார்.

அது வந்தால் அனுப்பு, படிப்பேன். யாராவது ஹெலேனாவின் தலைக்குள்ளிருந்து ஒரே ஒரு அத்தியாயம் எழுதினால், அதை முதலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா