அந்தப் பாறை பாஸ்டையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் பற்றியும், அவர் அலைந்து வரைந்த இடங்களைப் பற்றியும் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். அவருக்கு முழுப் பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படமும் அதன் அடியில் இருந்த வரியும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டை பாறைகளின் கல் பாலத்தைப் படம் போட்டு, 'மூடுபனிக் கடலுக்கு மேலே வழிப்போக்கன்' ஓவியத்தில் இருப்பவர் நின்ற இடம் இதுதான், நீங்களும் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

அந்தக் கல் பாலம் 1851இல் கட்டியது. ஃப்ரீட்ரிக் 1840இலேயே இறந்துவிட்டார். ஓவியமோ 1818 வாக்கில் வரைந்தது.

இதைக் கட்டுரை எழுதியவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் ஏமாந்தவன்தான். 2024 அக்டோபரில் டிரெஸ்டனில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் நானும் மனைவியும் தங்கியிருந்தோம். ஃப்ரீட்ரிக் பிறந்து 250 ஆண்டு ஆனதால் ஊரெங்கும் அவர் படம்தான். ஒரு நாள் வேனில் ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டிப் போனோம். பாஸ்டையில் இறக்கிவிட்ட வழிகாட்டி, உங்கள் கட்டுரையில் இருந்ததையே மனப்பாடமாகச் சொன்னார். இடம் அருமையான இடம், அதில் சந்தேகமில்லை. எல்பே ஆறு கிட்டத்தட்ட 200 மீட்டர் கீழே வளைந்து ஓடுகிறது. அங்கிருக்கும் பாறை வாசலை ஃப்ரீட்ரிக் வரைந்தும் இருக்கிறார். அந்த ஓவியம் வியன்னாவில், பெல்வெடேர் அரண்மனையில் இருக்கிறது. ஆனால் வழிப்போக்கன் அங்கே நிற்கவில்லை.

நான் 34 வருடம் சர்வேயராக இருந்தவன். ஒரு படத்தைப் பார்த்தால், எந்தக் கல்லில் நின்று பார்த்தால் இது இப்படித் தெரியும் என்றுதான் என் புத்தி போகும். அன்று ராத்திரி மகனுடைய கம்ப்யூட்டரில் ஓவியத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் தடியோடு, கரும்பச்சைக் கோட்டில் ஒருவர். காலடியில் கரடுமுரடான பாறை. எதிரே பஞ்சு மாதிரி பனி, அதில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் பாறைகள், அதற்கும் பின்னால் மலைகள். எது எந்த மலை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லியிருப்பதை மகன் தேடிக் கொடுத்தான். அவர் நிற்கும் பாறை ஷேனா கிராமத்தை ஒட்டியிருக்கும் கைசர்க்ரோன குன்றில் இருக்கிறது. வலப்பக்கம் தெரிவது பக்கத்திலேயே இருக்கும் சிர்க்கெல்ஸ்டைன் என்கிறார்கள். இடப்பக்கம் தூரத்தில் இருப்பது செக் நாட்டு எல்லைக்குள் இருக்கும் ரோசன்பெர்க் என்று பலர் கருதுகிறார்கள். அதற்கு முன்னால் பனியில் நிற்கும் பாறைக் கூட்டம் ராத்தன் ஊர்ப்பக்கம் இருக்கும் காம்ரிக்.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். ஷேனாவிலிருந்து ரோசன்பெர்க் தென்கிழக்கே, ஆற்றுக்கு மேல்போக்கில் இருக்கிறது. காம்ரிக் வடமேற்கே, பத்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஆற்றுக்குக் கீழ்போக்கில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து நின்றால் மற்றது முதுகுக்குப் பின்னால்! இரண்டையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மனிதர். நான் புலப்படத்தில் இப்படி வரைந்திருந்தால் தாசில்தார் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார்.

சரி, போய்த்தான் பார்த்துவிடுவோம் என்று மறுநாளே எஸ்1 என்ற புறநகர் ரயிலில் கிளம்பினோம். மகன் அப்போது 49 யூரோவுக்கு வாங்கிக் கொடுத்திருந்த மாதச் சீட்டே இதற்குப் போதுமாக இருந்தது, தனி டிக்கெட் எடுக்கவில்லை. போகும்போது இடது பக்கம் உட்கார வேண்டும், ஆறு கூடவே வரும். இந்த வட்டாரத்துக்கு சாக்சன் சுவிட்சர்லாந்து என்று பெயர். சுவிட்சர்லாந்துக்கும் இதற்கும் மண் தொடர்பு கிடையாது. 1766இல் டிரெஸ்டன் கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்த சிங், கிராஃப் என்ற இரண்டு சுவிஸ் ஓவியர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் வைத்த பெயராம்.

ஒரு மணி நேரத்துக்குள் கிரிப்பன் வந்துவிட்டது. 1813இல் நெப்போலியனுடைய படை டிரெஸ்டனில் இருந்தபோது ஃப்ரீட்ரிக் ஒதுங்கியிருந்த ஊர் இது. அவர் பெயரிலேயே ஒரு நடைபாதை இங்கிருந்து தொடங்கி ஷேனா பக்கம் ஏறுகிறது. வழியில் தகவல் பலகைகள் இருக்கின்றன. ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கு ஆர்வமாக இருக்கும் என்று இதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறையை 1840களில் கண்டுபிடித்த கெல்லர் என்பவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1895இல் இறந்ததும் இந்த கிரிப்பனில்தான். நியூஸ்பிரிண்ட் மலிவாகக் கிடைக்க வழிசெய்த அவர் அதில் பணம் பார்க்கவில்லை. காப்புரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

அப்புறம் ஏற்றம். முழங்கால் வலியோடு மனைவி கூடவே வந்தாள். கைசர்க்ரோன 351 மீட்டர் உயரம்தான். ஒரு காலத்தில் மேசை மாதிரி தட்டையாக இருந்த மலை, தேய்ந்து மூன்று பாறை முகடாக நிற்கிறது. அதனால்தான் கைசர்க்ரோன, அதாவது பேரரசரின் மகுடம், என்று பெயர். வழிப்போக்கனுடைய பாறையைக் கண்டுபிடித்து நின்றோம். மஞ்சளும் சாம்பலும் கலந்த மணற்கல், ஓரத்தில் பாசி. விரலால் தேய்த்தால் மணல் உதிர்ந்து நகக்கண்ணில் ஏறுகிறது. டிரெஸ்டனில் ஃபிரவன்கிர்ஹ தேவாலயம் கட்டியதும் இதே எல்பே மணற்கல்லால்தான். ஓவியத்தில் பாதாளத்தின் விளிம்பில் நிற்கிற பாறை, நேரில் நான் நினைத்ததைவிடச் சிறியது. பனி இல்லை, பாதாளமும் இல்லை. நல்ல வெயில், கீழே கிராமத்து வீடுகளின் கூரை, எங்கேயோ நாய் குரைக்கிற சத்தம்.

"ஏங்க, இந்தக் கல்லுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டு அவள் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

எனக்கு ஏமாற்றமே இல்லை. ஏனென்றால் பாறையின் வெடிப்பு, சரிவு, பக்கவாட்டில் அது உடைந்திருக்கும் விதம் எல்லாம் ஓவியத்தில் இருப்பதோடு பொருந்தியது. போனில் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலாக ஒப்பிட்டேன். 1813 ஜூன் 3ஆம் தேதி அவர் இங்கே உட்கார்ந்து பென்சிலால் இந்தப் பாறையை வரைந்திருக்கிறார். அதை எடுத்து ஓவியத்தில் வைத்தது ஐந்து வருடம் கழித்து, டிரெஸ்டனில், தன் அறையில்.

அதே வாரம் டிரெஸ்டன் அரண்மனையில் அவருடைய பென்சில் வரைபடங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடியோடு மூக்கு ஒட்டப் பார்த்தேன். சின்னச் சின்னத் தாள்கள். எந்த நாள் வரைந்தது என்று தேதி. அடிவானம் எங்கே என்று ஒரு கோடு. எது கிட்டே, எது தள்ளி என்பதற்கு எண்கள். இது ஃபீல்டு புக் சார்! நாங்கள் வெயிலில் சங்கிலி பிடித்து எழுதிய புத்தகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே இருக்கும்வரை அளவு பிசகாத மனிதர், அறைக்குள் போனதும் காம்ரிக்கை இங்கே தூக்கி வை, ரோசன்பெர்க்கை அங்கே தள்ளு, நடுவில் பனியை ஊற்று என்று ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் 'அவர் நின்ற இடம்' என்று எந்த இடத்தையும் காட்ட முடியாது. பாறைக்கு ஓர் இடம், மலைக்கு ஓர் இடம் என்று தனித்தனியாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது.

பனியைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனமில்லை. ஒரு வாரம் கழித்து, விடிவதற்கு முன்பு ரயில் பிடித்து, நானும் மகனும் மட்டும் போனோம். இந்த முறை பனி கொஞ்சநஞ்சம் இல்லை, பக்கத்தில் நின்ற மகனே தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். எட்டரை மணிக்குப் பிறகு சட்டென்று வெள்ளை கொஞ்சம் கீழே இறங்கியது. கூப்பிடு தூரத்தில் சிர்க்கெல்ஸ்டைன். மரம் அடர்ந்த கூம்பு, அதன் தலையில் செங்குத்தாக ஒரு பாறை, குடுமி வைத்த தலை மாதிரி இருக்கும். தலை தெரியவில்லை, குடுமி மட்டும் பனிக்கு மேலே மிதந்தது. பத்து நிமிடம்கூட இருக்காது. மறுபடி மூடிக்கொண்டது. பிறகு முழுசாக விலகியபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு காட்சி. காடு அங்கங்கே சாம்பல் நிறத்தில் நின்றது, 2018க்குப் பிந்தைய வறட்சியிலும் பட்டை வண்டிலும் காய்ந்துபோன ஸ்புரூஸ் மரங்கள். 2022 கோடையில் எல்லைக்கு இரு பக்கமும் காட்டுத் தீ வேறு.

கட்டுரையில் இன்னொரு திருத்தமும் தேவை. பால்டிக் கடலில் இருக்கும் ரூகன் தீவுச் சுண்ணாம்புப் பாறைகளை ஃப்ரீட்ரிக் வரைந்த ஓவியத்தில் இருப்பது விஸோவர் கிளிங்கன் முனைகள் என்றும், இன்றும் அவற்றைக் காணலாம் என்றும் எழுதியிருந்தது. அந்த முனைகள் 2005 பிப்ரவரி 24 அன்று சரிந்து கடலில் விழுந்துவிட்டன, சுமார் 50,000 கன மீட்டர். அதோடு, 1818இல் அவர் புது மனைவியோடு தீவுக்குப் போனபோது அவை அந்த வடிவத்துக்கு வந்திருக்கவே இல்லை. கடல் அரிப்பில் பின்னால் உருவானவை. ரூகனுக்கு நான் போகவில்லை என்பதால் இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் பாலத்தின் படத்தை எடுத்துவிட்டு சிர்க்கெல்ஸ்டைன் படத்தைப் போடுங்கள். மகன் எடுத்தது ஒன்று என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். குடுமி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
மன்னார்குடி.