கொடுங்கையூர் குப்பைமேட்டில் சூரிய மின்சாரம்: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொடுங்கையூரில் பயோமைனிங் நடக்கிறது. பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டி, சுழலும் சல்லடையில் போட்டு, மண், கல், பிளாஸ்டிக் எனப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். நல்ல வேலை, தடையில்லாமல் நடக்கட்டும். என் கவலை அப்புறம் மிஞ்சப்போகும் நிலத்தைப் பற்றியது. சுமார் 250 ஏக்கர். சென்னைக்குள் இவ்வளவு பெரிய காலியிடம் கிடைத்தால் எத்தனை பேர் கண் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மேலே உள்ள குப்பை போனாலும் மண் உடனே சுத்தமாகிவிடாது. பேட்டரி, பெயின்ட் டப்பா, டியூப் லைட் எல்லாம் வந்து விழுந்த இடம் அது. குப்பையிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் கீழே இறங்கியிருக்கிறது. அங்கே குடியிருப்பு வந்தால் மக்கள் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், பிள்ளைகள் அந்த மண்ணிலேயே விளையாடும். குப்பையை எரிக்கும் எரிஉலையும் வேண்டாம். மணலி, எண்ணூர் புகையை இத்தனை காலம் சுவாசித்த வடசென்னைக்கு இன்னொரு புகைபோக்கி கொடுப்பது நியாயமே இல்லை.

அந்த நிலத்தில் சோலார் பேனல் வையுங்கள். 1 மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போதும். 50 ஏக்கர் ஒதுக்கினால் 10 மெகாவாட், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி யூனிட். அதை வாங்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. அங்கேயே ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலையும் இருக்கிறது. பகல் மின்சாரத்தை அவர்களுக்கு நேராகக் கொடுக்கலாம், பேனலில் படியும் தூசியைக் கழுவ அவர்களிடமே தண்ணீர் வாங்கலாம்.

ஆனால் சாதாரண நிலத்தில் வைப்பதுபோல இங்கே வைக்க முடியாது. குப்பை கிடந்த தரை சீராக அமுங்காது. ஒரு பக்கம் இறங்கினால் சட்டம் வளையும், கேபிள் இழுபடும். ஏதாவது ஒரு பகுதியைத் தோண்டாமல் மூடி வைக்க முடிவானால் இன்னும் கவனம் தேவை. கம்பியை அடித்து இறக்கினால் மூடாக்கில் ஓட்டை விழும், மழைநீர் உள்ளே போகும், மீத்தேன் கசியும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் கான்கிரீட் கட்டைகளைத் தரைமேல் வைத்து, அதன்மேல் சட்டத்தை நிறுத்துகிறார்கள். கேபிளையும் புதைக்காமல் தரைக்கு மேலேயே கொண்டுபோகிறார்கள். செலவு கொஞ்சம் கூடும். டெண்டரிலேயே இதைத் தெளிவாக எழுதுங்கள்.

எல்லாக் குப்பைமேட்டுக்கும் இதையே கேட்கவில்லை. பெருங்குடிக் குப்பைமேடு, 2022-ல் ராம்சார் அங்கீகாரம் (ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தத்தின் அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது. அங்கே மீட்கும் நிலம் தண்ணீருக்கும் பறவைக்கும்தான் போக வேண்டும், ஒரு பேனல்கூட வேண்டாம்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர் போனது. இன்னும் எத்தனை ஊர்களில் மேய்ச்சல் நிலத்தைக் கேட்கப் போகிறோம்? கெட்டுப்போன நிலத்தை முதலில் பயன்படுத்துவோம்.

உடனடியாக வேண்டியது இதுதான்: குப்பை அள்ளி முடித்த ஒவ்வொரு பகுதியிலும் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் மண்டல அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த நிலத்தில் ஒரு சதுர அடியைக்கூட வேறு எதற்கும் ஒதுக்காதீர்கள். பேனல் வரும்போது பராமரிப்பு வேலையில், இத்தனை வருடம் அந்த மேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

அன்புடன்,
வடசென்னைவாசி ஒருவர்