பெருவிரல் கோல்

வியாசர்பாடி,
12.4.2025

அன்புள்ள சலீம்,

நீ சார்ஜா போன புதிதில் எழுதிய இரண்டு கடிதங்களோடு சரி, அதன் பிறகு உனக்கு நான் பேனா பிடித்ததில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். ஆனால் என் குரல் பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மச்சான் போட்டுக்கொடுத்துவிட்டான். இந்தச் சேதியை அந்த வேகத்தில் கேட்க முடியாது. உன் தம்பி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். தாளில் வாசம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் பாக்கிகள். பெருநாள் வாழ்த்து, தாமதமாக. உங்கள் ஊரில் ஞாயிறு, எங்களுக்குத் திங்கள். உன் அம்மா வழக்கம்போல் ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினார். போன வருடத்துத் தூக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று வழக்கம்போல் திட்டியும் அனுப்பினார். முழங்கால் வலியைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான், படித்த அடையாளம் எதுவும் தெரியவில்லை. கணேசபுரத்தில் பாலம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போதும்.

ரொனால்டினோவைப் பார்த்துவிட்டேன்.

டிவியில் இல்லை. மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, நேரு ஸ்டேடியம். பிரேசிலின் பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள் ஓர் அணி, நம் நாட்டின் பழைய ஆட்டக்காரர்கள் ஓர் அணி. நீ பெருநாள் விடுமுறையில் கால் நீட்டிப் படுத்திருந்த அதே நேரத்தில், 2002 உலகக் கோப்பையின்போது கேபிள்காரர் அறையில் நாம் வாய் பிளந்து பார்த்த மனிதன் பெரியமேட்டுப் புல்தரையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தான். ஊருக்கே அது தெரியவில்லை என்பதுதான் எரிச்சல். அன்று இரவு குவாஹாட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டம். தெருவில் எந்தக் கடையைப் பார்த்தாலும் மஞ்சள் சட்டை. டீக்கடையில் குள்ளமணி ஆசையாகச் சொல்லியிருக்கிறான், ரொனால்டினோவைப் பார்க்கப் போகிறோம் என்று. "எந்த டீமுக்கு ஆடுகிறான்?" என்று கேட்டிருக்கிறார்கள். வியாசர்பாடியில், சலீம்! சந்துக்குச் சந்து பந்து உருளும் ஊரில்! எனக்குக் கோபம் ஆறவே இல்லை. சென்னை அன்று 6 ரன்னில் தோற்றது. மகிழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன், வருந்தவும் இல்லை.

போனது நான்கு பேர். நான், குள்ளமணி, என் மகன், ஏழுமலை. பரீட்சையை வைத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் நடந்த சண்டையை விட்டுவிடுகிறேன். ஜீவா ஸ்டேஷனில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏழுமலை கேட்கவில்லை, தன் ஆட்டோவையே எடுத்து வந்தான். அவன் ஏன் நடக்க விரும்பவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

மகன் என்னவோ தியாகம் செய்ய வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பிரான்ஸின் எம்பாப்பேதான் கடவுள். உலகக் கோப்பையின் ஒரே இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்தவன், உங்கள் ரொனால்டினோ அடித்தானா என்று கேட்கிறான். அடிக்கவில்லைதான். 2002 இறுதிப் போட்டியில் இரண்டு கோலும் அந்தப் பெரிய ரொனால்டோ அடித்தவை. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே எண்ணிக்கை. போனைத் திறந்து பட்டியலைக் காட்டுகிறார்கள். ஒருவன் பந்தை நிறுத்துகிற விதத்தில் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கலாம் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ரொனால்டினோ ஓடவில்லை. நம் வயதுதான் அவனுக்கும், 45. உடம்பு போட்டுவிட்டது. மொத்த ஆட்டத்திலும் அவன் ஓடிய தூரத்தைக் கூட்டினால் உன் வீட்டிலிருந்து மசூதி வரைக்கும் வருமா என்பது சந்தேகம். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான், இதற்காகவா என்பதுபோல். அப்போது பந்து ரொனால்டினோவிடம் வந்தது. தலையை எங்கள் கேலரிப் பக்கம் திருப்பி எங்களையே பார்த்தான். பந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது! எங்கள் வரிசையில் அத்தனை தலையும் தவறான பக்கம் திரும்பியிருந்தது. ஒன்றைத் தவிர. "நான் காலைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை" என்றான் ஏழுமலை. இருபது வருடம் முன்பு நமக்கு ஆட்டம் பழக்கிய மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. நாம் எல்லோரும் மறந்துவிட்டோம், அவன் மறக்கவில்லை.

இன்னொன்று. ரொனால்டினோ கார்னர் பக்கமாக வந்தபோது ஏழுமலை எழுந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்: "ஐயா! அது கிராஸா, கோலுக்கு அடித்ததா? உண்மையைச் சொல்லிவிட்டுப் போ!" தமிழில். முன் வரிசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொனால்டினோ எங்கள் பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டிக் கையசைத்தான். அவன் எல்லோருக்கும்தான் கையசைக்கிறான், ஆனால் ஏழுமலை அதைத் தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டான். என்ன பதில் என்பதில் மட்டும் இன்னும் தெளிவில்லை. ஆகவே 2002 ஜூன் 21இல், இங்கிலாந்தோடு அவன் போட்ட கோலை வைத்து நாம் கட்டிய பந்தயம் அப்படியே நிற்கிறது, நூறு ரூபாயும் ஒரு தட்டு பர்மா அத்தோவும். நீ பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, இங்கிலாந்து கோல்கீப்பர் தலைக்கு மேல் அந்த ஃப்ரீ கிக் இறங்கியதைப் பார்த்து "கோலுக்கு அடித்ததில்லை, கூட ஆடுகிறவனுக்குத் தூக்கிக் கொடுத்தது, தப்பி விழுந்த கிராஸ்" என்றாயே, அந்த வாயை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஏழு நிமிடத்தில் அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டியபோது நீ துள்ளிய துள்ளலையும்.

ஆட்டம் பிரேசிலுக்கு 2-1. அதை யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

நீ அர்ஜென்டினாக்காரன். நீங்கள் உலகக் கோப்பையை வென்ற 2022 டிசம்பர் 18க்குப் பிறகு உன்னோடு பேசுவதே கஷ்டமாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உன் மெஸ்ஸி பார்சிலோனாவுக்கு லீகில் அடித்த முதல் கோலை நினைத்துப் பார். 2005 மே 1, அல்பசெத்தேயோடு ஆட்டம். பந்தை அவனுக்குத் தூக்கிக் கொடுத்தது யார்? முதல் தடவை ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே அதே பாஸை மறுபடி கொடுத்தான். பையன் தவறவிடவில்லை. பிறகு 17 வயது மெஸ்ஸியை முதுகில் ஏற்றிக்கொண்டு நின்றான் பார், அந்தப் படத்தை நான் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆளை உலகத்துக்குத் தூக்கிக் காட்டிய முதுகு எங்கள் ஆளுடையது. இதற்கு மேல் வாதம் வேண்டாம்.

ஆனால் அந்த வருடத்தில் நான் சொல்ல வருவது வேறு கோல். மார்ச் மாதம், செல்சியோடு நடந்த ஆட்டம். இங்கே நடு இரவு ஒன்றே கால் மணி. உன் வீட்டுக் கூடத்தில், உன் அப்பா விழித்துவிடக் கூடாது என்று சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துப் பார்த்தோம். 19 நிமிடத்துக்குள் செல்சி மூன்று கோல் போட்டுவிட்டது. நீ பாயைச் சுருட்டத் தொடங்கினாய். பிறகு ஒரு பெனால்டி. அதற்குப் பிறகு அது.

பெட்டி விளிம்பில் பந்து. எதிரே செல்சியின் கார்வாலியோ, பக்கத்தில் இன்னும் ஆட்கள். ரொனால்டினோ ஓடவில்லை, நின்றான். இடுப்பை மட்டும் ஆட்டினான், கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடுகிறவன்போல். காலைப் பின்னுக்கு ஓங்கவே இல்லை. பெருவிரலால் ஒரு குத்து. கோல்கீப்பர் பெட்டர் செக் நட்டுவைத்த கம்பம்போல் நின்றார். பந்து மூலையில் இருந்தது. அன்று பார்சிலோனா 4-2 என்று தோற்று வெளியேறியது. அது எனக்கு அப்போதே மறந்துவிட்டது.

ஏழுமலை போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? உன் அப்பா மட்டும் இல்லை, எதிர்வீட்டு ஆயாவும் எழுந்து வந்தார். அவன் கத்தியது கோலுக்காக இல்லை. "பெருவிரல்! பெருவிரல்!" என்றுதான் கத்தினான். முல்லை நகர் மைதானத்தில் எத்தனை வருடம் அதற்காக மாஸ்டரிடம் திட்டு வாங்கியிருப்பான். பந்தைப் பெருவிரலால் குத்துவது சின்னப் பிள்ளைகள் வேலை, பாதத்தின் மேல்பக்கத்தால் அடி என்று அவர் சொல்லாத நாள் இல்லை. இவன் கேட்டதும் இல்லை. கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு எதிராக அப்படித்தானே அந்தக் கோலை அடித்தான், ஓங்காமல், நின்ற வாக்கில். மாட்ரிட்டில் எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று ரொனால்டினோவுக்குக் கை தட்டினார்கள். கொருக்குப்பேட்டையில் நமக்குக் கல்தான் விழுந்தது. செல்சி ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் ஆறு மணிக்கே போய் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். அவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அவன் ரொனால்டினோ. நீ ஏழுமலை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம்.

சலீம், அந்த விரல் இப்போது இல்லை.

போன அக்டோபரில் புதுச் செருப்பு கடித்து ஒரு சின்னப் புண். சர்க்கரை இருப்பது அவனுக்கு நான்கு வருடமாகத் தெரியும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. காலில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் வலியே தெரியவில்லை. வலி இல்லாததால் புண்ணும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு மூன்று வாரம் ஆட்டோ ஓட்டியிருக்கிறான். விரல் நுனி கறுத்த பிறகுதான் அவன் மனைவி பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நவம்பரில் வலது கால் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

நீ தீபாவளிக்குப் போன் செய்து அவன் ஏன் ஞாயிற்றுக்கிழமை ஆட வருவதில்லை என்று கேட்டபோது கணுக்கால் பிசகிவிட்டது என்று சொன்னேன். பொங்கலுக்குக் கேட்டாய், இன்னும் சரியாகவில்லை என்றேன். "கணுக்கால் பிசகினால் மூன்று மாதமா?" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு உன் அழைப்பை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. இரண்டு மாதமாக நான் வேலை, வேலை என்று சொன்னது பொய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். "அவன் பணம் அனுப்புவான், எனக்கு அது வேண்டாம்" என்றான். இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கவில்லை. எனக்குத்தான்.

அன்றைக்கு ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டு போனேன். சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, நீல நிறம், அடியில் மெத்தென்று ரப்பர். முன்பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் பஞ்சு வைத்திருக்கிறான். பிரேக்கைப் பாதத்தின் நடுவால் மிதிக்கிறான். சிக்னலில் வண்டி ஒரு நொடி பிந்தித்தான் நின்றது. குள்ளமணி என் தொடையை இறுக்கிப் பிடித்தான். வேறு தொழில் பார் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தாயிற்று. நீயும் சொல்லிப் பார், ஆனால் இப்போது வேண்டாம், காரணம் கடைசியில் எழுதுகிறேன்.

கேலரியில் ஒன்று நடந்தது. இரண்டாம் பாதியில், பெட்டிக்கு வெளியே, முன்னால் ஓர் ஆள் நிற்க, ரொனால்டினோ பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு லேசாக இடுப்பை அசைத்தான். அவ்வளவுதான். குத்தவெல்லாம் இல்லை, பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டான். ஆனால் அந்த அசைவு இருந்ததே. திரும்பிப் பார்க்கிறேன், ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலை முன் இருக்கைக்குக் கீழே நீட்டியிருக்கிறான். மூன்று விரல் உள்ள பாதம் முன்னால் ஒரு சின்னக் குத்துக் குத்தியது. அவனுக்கே தெரிந்து செய்தானா என்று தெரியவில்லை. என் மகன் அதைப் பார்த்தான். பிறகு மைதானத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை போனை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது மகனிடம் ஏழுமலை பராகுவே கதை சொன்னான். 2020இல் போலி பாஸ்போர்ட் வழக்கில் ரொனால்டினோ 32 நாள் சிறையில் இருந்ததும், உள்ளே கைதிகள் நடத்திய போட்டியில் ஆடியதும், ஜெயித்த அணிக்கு 16 கிலோ பன்றி பரிசு கிடைத்ததும். "அவனைச் சிறையில் போட்டால் பன்றியை ஜெயிப்பான். ஆஸ்பத்திரியில் போட்டால் நாங்கள் என்ன ஜெயித்தோம்? கஞ்சி" என்றான். மகன் வாய் விட்டுச் சிரித்தான். அந்தத் தெருமுனையில் வண்டி ஒழுங்காகவே நின்றது.

இனி விஷயம். அவனுக்கு இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. உன் தம்பி அங்கே வந்து சேர்ந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை உனக்குப் போன் செய்வான், ரொனால்டினோ கதை சொல்ல. அதன் நடுவில் தன் காலைப் பற்றியும் சொல்லிவிடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறான். உனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. பணம் என்று வாயைத் திறக்காதே. ஜூனில் வரும்போது அவனுக்கு மட்டும் சாக்லேட்டும் பேரீச்சம்பழமும் வேண்டாம். அவன் பேசத் தொடங்கியதும் கணுக்கால் எப்படி இருக்கிறது என்று கேள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

அந்த நூறு ரூபாயை மறக்காதே.

உன்,
ரவி