எங்கள் மகளின் பயாப்சியைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு

சேலத்திலும் ஏற்காட்டிலும் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் நுரையீரலில் கட்டியோடு பிறந்தாள். கடைசி மாத ஸ்கேனிலேயே பனிக்குட நீர் அதிகமாக இருப்பதையும் நெஞ்சுக்குள் ஏதோ அடைத்திருப்பதையும் சொல்லிவிட்டார்கள். கட்டியை எடுத்த சர்ஜன் ஐயாவுக்கும், இரவெல்லாம் கண் விழித்த நர்ஸ் அம்மாக்களுக்கும் நேரிலேயே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் முக்கியமாக, வெட்டியெடுத்த சதையைச் சோதித்து என்ன நோய் என்று சொல்லும் பேத்தாலஜி லேபில் வேலை செய்தவர்களுக்கு. அவர்களில் பலரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்தும் எங்களுக்கு மூச்சு வரவில்லை. கட்டி என்றாலே கேன்சர், கேன்சர் என்றால் கீமோ என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பச்சைக் குழந்தைக்குக் கீமோவா என்று என் மனைவி சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அப்போது பேத்தாலஜி டாக்டரம்மா தானே வார்டுக்கு வந்தார். அவர் வந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

ஸ்லைடில் நீள நீளமான செல்கள் பாவு நூல்போலக் கற்றை கற்றையாகச் சேர்ந்து மூச்சுக்குழல்களைச் சுற்றி ஓடுகின்றன, நடுநடுவே குருத்தெலும்புத் துண்டுகள் கிடக்கின்றன என்றார். செல்கள் மளமளவென்று பிரிந்துகொண்டிருந்தன. அதை மட்டும் வைத்துப் புற்று என்று எழுதிவிட முடியும். ஆனால் பிரிகிற விதத்தில் கோணல் இல்லை என்பதை அவர் கவனித்தார். அதோடும் விடவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் இன்ஃபன்டைல் ஃபைப்ரோசார்கோமா என்ற புற்றாக இருந்தால் பெரும்பாலும் இடிவி6, என்டிஆர்கே3 என்ற இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பதால், அந்தச் சோதனைக்கும் மாதிரியை வெளியூருக்கு அனுப்பினார். அப்படி ஒட்டவில்லை என்று பதில் வந்தது. சிறு குழந்தைகளின் நுரையீரலில் வரும் ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்ற புற்றாக இருந்தால், அது வழிவழியாக வரக்கூடியது என்பதால் குடும்பத்தில் டைசர்1 மரபணுவையும் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் மூத்த மகனையும் நினைத்து நடுங்கியிருந்தோம். அதுவும் இல்லை என்றார்.

எங்கள் மகளுக்கு வந்தது கன்ஜெனிட்டல் பெரிபிராங்கியல் மயோஃபைப்ரோபிளாஸ்டிக் ட்யூமர், அதாவது பிறவியிலேயே மூச்சுக்குழல்களைச் சுற்றி வளரும் கட்டி. மிக அரிதான கட்டி. 1993-ல்தான் இந்தப் பெயரில் தனியாக விவரிக்கப்பட்டதாம். அதற்கு முன் இதைத் தசைப் புற்று என்றே எழுதியவர்கள் உண்டு. முழுதாக எடுத்துவிட்டால் போதும், கீமோ வேண்டாம் என்று ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். அந்த டாக்டரம்மாவுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

கட்டியைக் கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சில மைக்ரான் தடிமனுக்குச் சீவிச் சாயம் ஏற்றிய டெக்னீஷியன் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் சீவியது சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய டாக்டராலும் எதையும் சொல்லியிருக்க முடியாது. அந்த மெழுகுக் கட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதற்கும் நன்றி.

வலி வந்த இரவில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் மனைவியைக் குலுங்க விடாமல் இறக்கிக் கொண்டுவந்த 108 டிரைவர் அண்ணனுக்கும், ஐந்து ரோட்டிலிருந்து ஓடிவந்து ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், எங்கள் மூத்தவனுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்ட நாகலூர் அத்தைக்கும் நன்றி.

இப்படி ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சந்தேகம் இருந்தால், குழந்தைகளின் கட்டிகளைப் பார்த்துப் பழகிய பேத்தாலஜி டாக்டரிடம் ஸ்லைடைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

மகள் நன்றாகப் பால் குடிக்கிறாள். சொன்ன தேதிகளில் நெஞ்சு எக்ஸ்ரேவுக்குக் கூட்டி வருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
ஏற்காடு மலையிலிருந்து குழந்தையின் அப்பா, அம்மா