திம்பம் பாதை கொட்டகைக்கு நன்கொடை வேண்டுகோள்

பண்ணாரி மாரியம்மன் துணை

அன்புடையீர், வணக்கம்.

பண்ணாரியில் பங்குனிக் குண்டம் மிதிக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது. யானை நின்றால் பைக்கில் வருவோர் ஒதுங்கிக்கொள்ள ஆசனூர் ஊரெல்லையில் நாம் எழுப்பும் கல்கொட்டகை சுவரோடு நிற்கிறது. கூரை போடப் பணமில்லை.

1790இல் திப்புவின் படை கெஜலட்டிக் கணவாய் வழியே இறங்கிய மலை இது. பொதிமாடு ஓட்டிச் சத்தி (சத்தியமங்கலம்) சந்தைக்குப் போய்வந்த நம் பாட்டன்மார், யானை குறுக்கே நின்றால் "சாமி, வழி விடு" என்று கும்பிட்டு, அது நகரும்வரை குத்தவைத்துக் காத்திருப்பார்கள். வெற்றிலை தீர்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்று திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதற்கு அப்பால் எது நிற்கிறதென்று தெரியாது. 2022இல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தபின், விடியலில் சோதனைச்சாவடி கேட் திறந்ததும் வண்டிகள் முண்டியடிக்கின்றன. விலங்குகள் ரோட்டைக் கடக்கும் நேரமும் அதுதான். ஒரு புள்ளிமான் தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று தாண்டும். முதல் மானைப் பார்த்து முறுக்கியவர் இரண்டாவதில் விழுகிறார். குட்டியோடு நிற்கும் யானையிடம் ஹாரன் அடிப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறோம். காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் லாரியிலிருந்து கரும்பை வீசி யானையை ரோட்டுக்குப் பழக்கியவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல. அந்தக் கரும்பில் பிழைத்த வீடுகள் நம் ஊரிலும் உண்டு. லாரிக்காரருக்குக் கதவும் கண்ணாடியும் இருக்கின்றன. பைக்கில் வரும் பால்காரருக்கு என்ன இருக்கிறது?

கொட்டகைக்கு ரூ.1,40,000. இரவில் ஒளிரும் எச்சரிக்கைப் பலகை 12, ஒன்று ரூ.4,500 வீதம் ரூ.54,000. ஆக மொத்தம் ரூ.1,94,000. வந்தது ரூ.1,27,500. குறைவது ரூ.66,500. மாசி கடைசிக்குள் தகரக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும்.

இடத்தை எழுதிக்கொடுத்த பெரியவருக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. ரூ.11,000 தந்த சத்தி பூ வியாபாரிகள், கூலி வாங்காமல் சுவர் வைத்த கொத்தனார்கள், போன வருடம் ஒற்றை யானையிடம் மாட்டித் தப்பி, ஊருக்குப் போனதும் ரூ.15,000 அனுப்பிய பெங்களூர் இளைஞர்கள், வேலை நடந்த நாளெல்லாம் டீ கொடுத்து, அதற்குமேல் ரூ.500ம் கையில் வைத்த டீக்கடை அக்கா, எல்லோருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். பெயர் எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் 23 பேர். அவர்களில் பலர் தினமும் இதே பாதையில் வண்டி ஓட்டுகிறார்கள்.

ரூ.100 ஆனாலும் சரி, சிமெண்ட் மூட்டையாகத் தந்தாலும் சரி. ஞாயிறு காலை பஸ் நிறுத்தத்தில் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு இருப்பார். பண்ணாரிப் புற்றுமண் பிரசாதமும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கொட்டகைக் கட்டுமானக் குழுவினர்