54லேயே நில்லு, மக்களே

குளச்சல்

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி போனில் உன் குரல் வறண்டு கிடந்தது. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டதற்கு, "காலையில எடை பார்க்கணும்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

குத்துச்சண்டையில் 54 கிலோ பிரிவிலிருந்து 51க்கு இறங்கினால் எதிரே சின்ன உடம்புக்காரிகள்தான் வருவார்கள், உன் அடி அவர்களுக்குப் பாறை மாதிரி விழும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அடி எங்கிருந்து வருகிறது மக்களே? உன் உடம்பில் கரைக்கக் கொழுப்பே இல்லை. போகப்போவது தண்ணீரும் தசையும்தான்.

சின்னதில் என்னோடு கரமடி, அதான் கரையில் நின்று இழுக்கும் வலை, இழுக்க வந்தாயே, நினைவிருக்கா? முதல் நாள் கை பலத்தால் மட்டும் இழுத்தாய். உள்ளங்கைத் தோல் உரிந்தது, கயிறு அசையவில்லை. பெரியப்பா வந்து உன் குதிகாலை மணலில் புதைத்து, இடுப்பைப் பின்னால் சாய்த்து, "இப்போ இழு" என்றார். கயிறு வந்தது. குத்தும் அப்படித்தான். பாதம் தரையைத் தள்ளும், இடுப்பு திரும்பும், தோள் வழியாக உடம்பின் பாரம் முஷ்டிக்கு வந்து சேரும். பெரியப்பா ஒல்லிதான், ஆனால் அவர் பாரம் முழுக்கக் கயிற்றில் இருக்கும். அதற்காக எடை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வலையில் மீன் கனத்துவிட்டால் லேசான ஆளைக் கயிறு கடலுக்கே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தானே உங்கள் விளையாட்டில் எடை பார்த்துப் பிரிக்கிறார்கள்.

நீ காட்டித் தந்த பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டைக்காரர் மேனி பாக்கியாவோவையே எடுத்துக்கொள். 1998இல் 50.8 கிலோ பிரிவில் சாம்பியன். 2010இல் 69.8 கிலோ வரையுள்ள பிரிவிலும் பட்டம். இடையில் 12 வருஷம் உடம்பை வளரவிட்டார், வேகத்தையும் விடவில்லை.

2024இல் பாரிஸில் வினேஷ் போகாட்டுக்கு நடந்ததை நாம் சேர்ந்துதானே பார்த்தோம். 50 கிலோ மல்யுத்தம். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, முடியைக்கூட வெட்டிப் பார்த்தும், இறுதிப் போட்டி அன்று காலை 100 கிராம் கூடுதல், ஆடவே விடவில்லை. நீ அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

உங்களுக்கும் போட்டி நாள் காலையில்தான் எடை. வற்றிப்போன தண்ணீரைச் சில மணி நேரத்தில் உடம்பு முழுதாக ஏற்றிக்கொள்ளாது. கால் கனக்கும், கடைசி ரவுண்டில் கை தாழும், தாடை திறந்து கிடக்கும். அப்படி வறண்ட உடம்போடு நீ தலையில் அடி வாங்குவாயோ என்பதுதான் என் பயம். தோற்று வந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

54லேயே நில்லு. அந்தப் பிரிவில் உன்னைவிட உயரமானவர்கள் வருவார்கள், சரி. இடுப்பைத் திருப்பி அடி. பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் பேசுகிறேன்.

அம்மா நெத்திலிக் கருவாடும் மரச்சீனி வற்றலும் பார்சல் போட்டிருக்கிறாள். உப்பு அதிகம், போட்டி முடிந்து தின்னு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். எத்தனை கிலோ என்று கேட்க மாட்டேன், எத்தனை தம்ளர் தண்ணீர் என்றுதான் கேட்பேன்.

அப்பா