23 நாள் வாசல் தெளித்த அப்பத்தாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

ஊர்க்காரர்களுக்கும் வெளியூரில் இருந்து விசாரித்த சொந்தங்களுக்கும் வணக்கம். 23 நாள் பூட்டிக் கிடந்த எங்கள் மளிகைக் கடையை நேற்று திறந்துவிட்டோம். நடந்ததை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார், மூட்டை மட்டும் தூக்கக் கூடாதாம். அது போதும்.

முதலில் மேலத்தெரு அப்பத்தாவைச் சொல்லிவிடுகிறேன். பெயர் போட்டால் திட்டுவார். கடை பூட்டிக் கிடந்த 23 நாளும் விடியுமுன்னே வந்து எங்கள் கடை வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சின்னதாய் ஒரு கோலமும் போட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? பன், ரஸ்க் போட வரும் லைன் வண்டித் தம்பி பூட்டைப் பார்த்துத் திரும்பப் போக, மறித்து "எறக்கி வச்சிட்டுப் போப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கி வைத்துத் திண்ணையில் உட்கார்ந்து விற்றிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. நாங்கள் வந்த அன்று சுருக்குப்பையை அவிழ்த்து என் கையில் கொட்டினார், வண்டிக்குக் கொடுத்தது போக 412 ரூபாய். தனியாக ஒரு துணி முடிச்சில் 10 ரூபாய். அது என்ன அப்பத்தா என்றால், "நான் தின்ன ரெண்டு பன்னுக்குத்தான்." அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்றேன். "வாசல் குப்பையாக் கெடந்தா, கடை முடிஞ்சுபோச்சுன்னு சனம் வேற கடை பாத்துரும்" என்றார்.

வியாபாரம் தெரிந்தவர்! 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்றானதிலிருந்து உசிலம்பட்டிக்குப் போய் மாதச் சாமானை மொத்தமாக அள்ளி வருவது சுலபம். நானும் அந்த பஸ்ஸில் போகிறவள்தான், குறை சொல்ல வாயில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு 50 கிராம் கடுகு வாங்கிக்கொண்டு, 15ஆம் தேதி உரிமைத்தொகை ஆயிரம் ஏறினதும் தருகிறேன் என்று அங்கே சொல்ல முடியுமா?

அப்புறம், பழைய பாக்கி நிற்கும்போதே பருப்பும் எண்ணெயும் சீனியும் அனுப்பிய கீழமாசி வீதி மொத்தக்கடை அண்ணாச்சி, வாடகை வேண்டாம் என்ற டெம்போ தம்பி, கேட்காமலே பற்று வரவை முடித்த நூறு நாள் வேலை மதினிமார்கள், திருப்பூரில் இருந்து ஜிபேயில் அனுப்பிய பிள்ளைகள், எல்லாருக்கும் கோடி நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கடைக்கு வந்து திட்டுங்கள், டீத்தூளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பாக்கிக்காக யாரையும் தெருவில் நிறுத்திக் கேட்க மாட்டேன், இது சத்தியம். (வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.) வாசல் தெளிப்பதையும் இனி நானே செய்கிறேன், நீங்கள் தூங்குங்கள் என்று அப்பத்தாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இன்று காலை ஐந்தரைக்கு வாளியோடு போனால் வாசல் ஈரமாக இருக்கிறது.